சித்தியை முடித்த கதை

முடி என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் முதலில் தலையைத் தொட்டுக் காட்டும். கொஞ்சம் படிக்கிற பிள்ளை எழுந்து கிரீடம் என்று சொல்லும். முடிவு, முடிச்சு, முடிப்பு என்று நான் ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டு வரும்போது கடைசி பெஞ்சிலிருந்து எவளாவது ஒருத்தி வில்லங்கமாக ஒன்று கேட்பாள். போன வாரம் கேட்டவள், "எங்க அக்காவ சாத்தூர்ல முடிச்சிருக்கு மிஸ். அது எந்த முடி?" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே சந்தேகம் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எனக்கும் வந்தது. நான் அவளைப் போல எழுந்து நின்று யாரிடமும் கேட்கவில்லை, நானாகவே ஒரு பொருளை வைத்துக்கொண்டேன். அது தப்பான பொருள். அந்தத் தப்பினால் வந்த நன்மையில்தான் இன்று கையில் சாக்பீஸோடு நிற்கிறேன்.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கம். அப்பா பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டினார். விடியுமுன் ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய்க் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, பொழுதடையத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை. அம்மாவும் அதே வேனில்தான் வேலைக்குப் போனாள். புருஷன் ஓட்டுகிற வண்டியில் முன் சீட்டு கிடைக்கும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு சலுகை கிடையாது.

சித்தி அம்மாவின் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் இருவரும் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டதால் சித்தி எங்கள் வீட்டில் வளர்ந்தாள். அவள் படிப்பைப் பார்த்துக்கொண்டது மாமா, அவர்கள் இருவருக்கும் அண்ணன். மாமாவுக்கு விருதுநகரில் மிளகாய் வற்றல் குடோனில் வேலை. சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் அந்த நெடி போகாது. அவர் வருவது எங்களுக்கு இரண்டு வழிகளில் தெரிந்துவிடும்: ஒன்று, யாராவது தும்முவார்கள். இன்னொன்று, எண்ணெயில் பொரித்த புரோட்டாவின் வாசனை பொட்டலத்தைத் தாண்டி வரும். மாமாவைப் போல அன்பானவர் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கொஞ்ச நேரம் அவர் கொலைகாரராக வருவார்.

சித்தி விருதுநகரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடப் படிப்பில் இரண்டு முடிந்திருந்தது. தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவாள். வந்ததும் நான்தான் அவளுக்கு நோயாளி. என் கை, கால், தலை எல்லாவற்றிலும் கட்டுப் போட்டுப் பழகுவாள். அடிபடாத முழங்காலில் வெள்ளைத் துணியைச் சுற்றி, நுனியை இரண்டாகக் கிழித்து ஒரு முடிச்சுப் போட்டு, "முடிஞ்சது" என்பாள். அந்த ஒரு வார்த்தை போதும் என்பதுபோல அடுத்த கட்டுக்குப் போய்விடுவாள். பேச்சு குறைவு. அவள் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. சோற்றில் உப்பு இல்லையென்றால்கூட அப்படியே தின்றுவிட்டு எழுந்துபோகிற ஆள்.

இனி, அந்தச் சொல்லுக்கு எனக்கு எப்படிப் பொருள் வந்தது என்பது.

அந்த வருடம் தீபாவளி சீசனுக்கு முன்னால் பக்கத்து ஊரில் ஒரு கம்பெனியில் விபத்து. எங்கள் தெருக்காரர் ஒருவரை மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தெருவில் செல்போன் வைத்திருந்தது அப்பா ஒருவர்தான் என்பதால் ஆட்கள் எங்கள் வாசலில் நின்றார்கள். போன் வந்தது. அப்பா காதில் வைத்துக் கேட்டுவிட்டு, போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "முடிஞ்சிருச்சாம்" என்றார். அவ்வளவுதான், பெண்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். முடிந்தால் இப்படி அழுவார்கள் என்று எனக்குப் பதிந்துபோனது.

அதற்கும் முன்னால், ஆடி மாதம் எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் கிடாயை நேர்ந்துவிட்டிருந்தார்கள். அதற்கு அகத்திக்கீரை போட்டு வளர்த்தது நான். கொடையன்று அதன் கழுத்தில் மாலை போட்டு, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்துச் சாமி முன்னால் நிறுத்தினார்கள். மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் தெளித்தார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்துத் தலையை ஆட்டினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். என் கிடாய் என்னைப் போலவே பிடிவாதக்காரக் கிடாய். ஆட்டவே இல்லை. ஆட்டாமல் நின்றுகொண்டே இருந்தால் அவிழ்த்து விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் மனசுக்குள் "ஆட்டாத, ஆட்டாத" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். அவர்களும் விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் தண்ணீர் காதுக்குள் போயிருக்க வேண்டும், தலையை உதறியது. பெண்கள் குலவை போட்டார்கள். அப்பா என் கண்ணைப் பொத்தி என்னை வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தீபாவளி முடிந்து கம்பெனியெல்லாம் மூடிக் கிடந்த நாட்கள் அவை. அப்பா வேனைக் கழுவி நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தார். ஒரு சாயங்காலம் மாமா புரோட்டாவோடு வந்தார். சித்தி இன்னும் பஸ்ஸிலிருந்து வரவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து சால்னாவில் புரோட்டாவை முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தேன். பெரியவர்கள் என் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டார்கள்.

"மார்கழி பெறக்குமுன்ன அவள முடிச்சிரணும் மாப்ள" என்றார் மாமா.

அப்பா கொஞ்சம் இழுத்தார். "படிப்பு இன்னும் ஒரு வருசம் கெடக்கே மச்சான்."

"படிப்பு எங்க ஓடிரப்போகுது? படிச்சவரைக்கும் போதும். ஆடம்பரமெல்லாம் வேண்டாம், கோயில்ல வச்சு சத்தமில்லாம முடிச்சிருவோம்."

"அவகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்ல அண்ணே" என்றாள் அம்மா.

"அதெல்லாம் முறையாக் கேப்போம். ஞாயித்துக்கெழம அவுக வர்றாக. எல்லாரு முன்னாலயும் நிறுத்திக் கேட்டு, தலைய ஆட்டிட்டான்னா அங்கனயே பூ வச்சிர வேண்டியதுதான். நம்மளும் ஒரு கடமைய முடிச்சமாதிரி இருக்கும்."

கையிலிருந்த புரோட்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். கோயிலில் வைத்து. சத்தமில்லாமல். எல்லார் முன்னாலும் நிறுத்தி. தலையை ஆட்டிவிட்டால். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? அம்மாவைப் பார்த்தேன். அவள் மாமாவுக்கு இன்னொரு புரோட்டா வைத்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவளைப் பற்றி இப்படிப் பேசிக்கொண்டே எப்படிச் சால்னா ஊற்ற முடிகிறது என்று எனக்கு ஆறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி எனக்குத் தலை பின்னிவிட்டாள். அன்றைக்கு அவளே மஞ்சள் பூசிக் குளித்திருந்தாள். மஞ்சள் வாசனை வந்ததும் எனக்குக் கிடாய் ஞாபகம் வந்தது.

"சித்தி, ஒன்னய முடிக்கப் போறாகளா?"

சீப்பு நின்றது. "யாரு சொன்னா?"

"மாமாதான் சொன்னாரு. கோயில்ல வச்சாம்."

"ம்" என்றாள். மறுபடி சீப்பு ஓடியது.

"ஒனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு."

"அப்ப வேண்டாம்னு சொல்லு."

"நான் சொன்னா யாரு கேக்கப்போறா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிடாய்க்கு நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். மாலை போடுவார்கள், மஞ்சள் வைப்பார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், எக்காரணம் கொண்டும் நீ தலையை ஆட்டிவிடாதே என்று சொன்னேன். அவள் பின்னுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் தோன்றுகிறது. அவள் சிரிக்கவில்லை.

"ஆட்டாம நின்னா என்ன செய்வாக?" என்று கேட்டாள்.

"ஆட்டுற வரைக்கும் ஊத்துவாக."

சித்தி மிச்சப் பின்னலையும் நுனிவரை பின்னினாள். பிறகு ரிப்பனை இறுக்கி முடிந்துவிட்டு, என் தோளைப் பிடித்துத் திருப்பி, "நீ சின்னப்பிள்ள. நீ சொன்னாக் கேட்டாலும் கேப்பாக" என்றாள். அவள் ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சிவகாசியில் பிரஸ் வேலை, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற மிஷின். நகக்கண்ணில் சிவப்பு மை போகாமல் இருந்ததைப் பார்த்ததும் அவர்தான் வெட்டுகிற ஆள் என்று முடிவுகட்டிவிட்டேன். ஆனால் ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காராச்சேவைச் சத்தம் வராமல் மென்றுகொண்டிருந்தார். அவருடைய அம்மா வீட்டுக்குள் வந்த வேகத்திலேயே அது அந்த அம்மா வைத்ததே சட்டமாக நடக்கிற குடும்பம் என்று தெரிந்தது. பட்டாசுச் சரம் பின்னுகிற வேலையில் சின்ன வயதிலிருந்தே இருந்தவர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அவருடைய விரல்கள் சேலை முந்தியைப் பின்னிக்கொண்டே இருந்தன.

சித்தி பட்டுச்சேலையில் வந்து நின்றாள். கழுத்தில் மாலை இல்லை, தலையில் பூ மட்டும் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு.

எல்லாம் பேசியாகிவிட்டது. தேதிகூட வாய்வார்த்தையாக முடிவாகிவிட்டது. அப்போதுதான் அந்த அம்மா, "பொண்ணுக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க" என்றார்.

"அவ என்ன சொல்லப்போறா, தங்கமான பிள்ள" என்ற மாமா, சித்தி பக்கம் திரும்பி, "என்னத்தா, சம்மதந்தான?" என்றார்.

சித்தி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"கூச்சப்படுறா" என்று மாமா சிரித்தார். "வாயால சொல்ல வேண்டாம் தாயி, தலைய ஆட்டு போதும்."

சித்தி அசையவில்லை. அப்பா விசிறியின் வேகத்தைக் கூட்டுவதுபோல எழுந்துபோய் ஸ்விட்சைத் தொட்டுவிட்டு வந்தார். அம்மா பின்னாலிருந்து சித்தியின் முதுகில் விரலால் குத்தினாள். "ஆட்டுத்தா. எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்காகள்ல" என்றார் மாமா மறுபடியும். அவர் குரலில் சிரிப்பு குறைந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவை போட நாக்கைத் தயாராக வைத்திருந்தார்கள். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஊற்றுகிறார்கள். ஆட்டுகிற வரைக்கும் ஊற்றுவார்கள். சித்தியின் கழுத்து லேசாக அசைந்ததுபோல இருந்தது.

"சித்தி, தலைய ஆட்டாத!"

அந்தச் சத்தம் எனக்குள்ளிருந்து வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை. அடுத்த நொடி அம்மாவின் கை என் முதுகில் விழுந்தது. அடி வாங்கிய வேகத்தில் நான் சித்தியின் காலைக் கட்டிக்கொண்டேன். "ஆட்டினா முடிச்சிருவாக! கோயில்ல வச்சு முடிச்சிருவாக!" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

மாமாவின் முகம் அவர் குடோனில் கிடக்கிற சரக்கின் நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மா என்னைப் பிய்த்து இழுக்கப் பார்த்தாள். "விடு அவள" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இங்கன வா பாப்பா. என்னத்த முடிச்சிருவாக?"

நான் சித்தியின் சேலையை விடாமலே விக்கி விக்கிச் சொன்னேன். கிடாயைச் சொன்னேன். மஞ்சள் தண்ணீரைச் சொன்னேன். மதுரையிலிருந்து போன் வந்ததையும் சொன்னேன். முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளைக்குக் காராச்சேவு புரையேறியது. அந்த அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடி கிறுக்கு! முடிக்கிறதுன்னா கல்யாணம் முடிக்கிறதுடி" என்றார். மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டதுபோல இருந்தது. குலவைகூடப் போட்டிருப்பார்கள்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் பொட்டுப் பொட்டாக என் தலையில் விழுந்தது. அந்த அம்மாதான் முதலில் அதைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார்.

"ஏம்மா அழுகுற? எம்மகனப் பிடிக்கலையா? பிடிக்கலைன்னாச் சொல்லு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

சித்தி அப்படியில்லை என்று தலையை ஆட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஆட்டிவிட்டாளே என்று. பிறகு அவள் வாயைத் திறந்தாள். "எனக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்கு. அத நான் முடிச்சிக்கிடுறேன். அதுக்குப் பெறகு நீங்க முடிங்க."

"கல்யாணத்துக்கப்புறம் படிச்சா என்னவாம்?" என்று மாமா ஆரம்பித்தார். அவருக்கு இந்த இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அந்த அம்மா அவரைக் கையமர்த்தினார். மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன், "எனக்குச் சரிதான்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டில் மிச்சமிருந்த காராச்சேவைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கப்புறம் எங்க படிக்க? அடுத்த வருசம் கையில பிள்ள இருக்கும்" என்றார் அந்த அம்மா. "ஆயிரம்வாலா சரத்தப் பாதியில முடிச்சுப் போட்டுக் குடுத்தா எந்தக் கம்பெனிக்காரன் வாங்குவான்? கடைசி வரைக்கும் பின்னித்தான முடிச்சப் போடணும். படிச்சு முடிக்கட்டும். நாங்க எங்கயும் ஓடிரல."

அந்த வீட்டுக்கு ஒரு அரைகுறை நர்ஸைவிட முழு நர்ஸ் வருவது லாபம் என்று அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கலாம். இருக்கட்டுமே. அந்தச் சொல்லின் வேரையே அன்றைக்கு அவர் சொல்லிவிட்டார் என்பது பிற்பாடு தமிழ் படிக்கப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. எதையும் கட்டி வந்து நுனியில் முடிச்சுப் போட்டால் அது முடிந்தது. முடிச்சும் முடிவும் மணம் முடிப்பதும் ஒரே வேரில் கிளைத்தவை என்று எங்கள் பேராசிரியர் சொன்னபோது, நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து அந்த அம்மாவின் விரல்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பூ வைக்கவில்லை. வெறும் வாய்வார்த்தையோடு போனார்கள், வாய்வார்த்தையைக் காப்பாற்றினார்கள். மாமா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டாலும் புரோட்டா வந்தது. சித்தி படித்து முடித்து, பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் யாருக்குத் தீப்பட்டாலும் முதல் போன் அவளுக்குத்தான். "முடிஞ்சிருச்சாம்" என்று வரவேண்டிய எத்தனையோ போன்கள் அவளால் வராமல் போயிருக்கின்றன. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது எனக்கும் ஒரு மாப்பிள்ளை இடம் வந்தது. அப்பா வாயைத் திறக்குமுன் மாமாவே முந்திக்கொண்டு, "அது படிச்சு முடிக்கட்டும் மாப்ள. இல்லைன்னா ஆட்டுக்கதையச் சொல்லி நம்ம மானத்த வாங்கிரும்" என்றார். சித்திக்காக நான் போட்ட கூச்சல் எனக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

அந்தக் காலையில் தலை பின்னும்போதே நான் எந்த அர்த்தத்தில் சொல்கிறேன் என்று சித்திக்குப் புரிந்துவிட்டதா, புரிந்துதான் என்னைத் திருத்தாமல் விட்டாளா என்று வளர்ந்த பிறகு ஒரு தடவை அவளிடமே கேட்டேன். "ஆறின புண்ண எதுக்குக் கட்டுப் பிரிச்சுப் பாக்குற?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். போகும்போது அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது. அது எனக்குப் போதும். வாயில்லாத அவளுக்கு ஒரு நாள் நான் வாயாக இருந்தேன். அந்த வாய்க்கு இன்றைக்கும் சோறு போடுவது அவள் படித்து முடித்ததால் எனக்கும் கிடைத்த படிப்பு. இந்தக் கணக்கில் நன்றி சொல்ல வேண்டியவள் நான்தான்.

கல்யாணம் மறு வருடம் நடந்தது. சொன்னபடியே கோயிலில் வைத்துத்தான். முடிப்பதென்றால் என்ன என்று எனக்கு அதற்குள் ஆயிரம் தடவை விளக்கிச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் சித்தியைக் கழுத்தில் மாலையோடும் நெற்றியில் மஞ்சளோடும் சாமி முன்னால் நிறுத்தியதைப் பார்த்ததும் எனக்கு உதடு துடித்தது. அம்மா முன்யோசனையாக என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். பெண்கள் குலவை போட நெருங்கி நின்றார்கள்.

அப்போது சித்தி நிமிர்ந்தாள். மணப்பெண் நிமிரக்கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டி, அம்மாவின் இடுப்புக்குப் பக்கத்தில் நின்ற என்னைக் கண்டுபிடித்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. என்னைப் பார்த்து, நிதானமாகத் தலையை ஆட்டினாள்.

இத்தனை பெரியவர்கள் நிற்கும்போது எதற்காக என்னைப் பார்த்து ஆட்டுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பதிலுக்கு நானும் ஆட்டிவைத்தேன்.